பாதியில் நிற்கத் தெரியாதவர்

ஒரு மனிதரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பிறந்த வருஷம், சொந்த ஊர், வேலையில் சேர்ந்த நாள் என்று வரிசையாகத் தொடங்குவது என் பழக்கம். கல்வெட்டுகளைப் படித்துப் படித்து வந்த பழக்கம் அது. ஏரிக்கு மதகு வைத்தவன்கூட அரசனின் ஆட்சியாண்டைச் சொல்லிவிட்டுத்தான் மதகைப் பற்றிப் பேசுவான். இவருக்கு அந்த மரியாதையைச் செய்யப்போவதில்லை. இவரை எந்த முனையிலிருந்து தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் போய் முடியும். பெயரும் தேவையில்லை. ஒரகடத்தில் நாங்கள் வேலை பார்த்த, கார்களுக்கு சீட் செய்யும் கம்பெனியில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் எல்லாருக்கும் அவர் 'முழுசு'.

அவர் வாயில் அதிகம் புழங்கிய சொல் அது. "எதைச் செஞ்சாலும் முழுசா செய்யணும்பா. பாதியில விடறது எனக்கு ஆகாது." கம்ப்யூட்டர்கள், பிரிண்டர்கள், வாசலில் அட்டை தேய்க்கும் மெஷின் எல்லாம் அவர் பொறுப்பு. சித்திரை வெயிலிலும் சட்டையைக் கழுத்துப் பட்டன்வரை போட்டிருப்பார். டீ குடித்து முடித்ததும் டம்ளரை உள்ளங்கையில் கவிழ்த்துப் பார்ப்பார். ஒரு சொட்டு விழுந்தால் அதையும் நக்குவார். நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கும் காகிதத்தை, அச்சகத்தின் பெயர்வரை, உதடு அசைய வாசிப்பார். இதையெல்லாம் பார்த்துச் சில பேர் அவரை ஒழுங்கானவர் என்று நினைத்தார்கள். ஒழுங்குக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. எது முடிந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளும் அறிவு அவருக்கு இல்லை, அவ்வளவுதான்.

ஒரு புரட்டாசி மாதம் தீயணைப்பு ஒத்திகை நடந்தது. சங்கு ஊதி நாங்கள் வெளியே வந்த ஐந்தாவது நிமிஷம் மழை பிடித்துக்கொண்டது. பாதுகாப்பு அதிகாரியே ஒத்திகையை ரத்து செய்துவிட்டு உள்ளே ஓடினார். எங்கள் பகுதியின் வருகைப் பட்டியல் முழுசின் கையில் இருந்தது. அவர் எங்களை விடவில்லை. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். விடுப்பில் இருந்தவர்களின் பெயரையும் கூப்பிட்டு, பதில் வருகிறதா என்று நின்று பார்த்தார். மழையில் மை கரைந்து பெயர்கள் ஒழுகத் தொடங்கியபோதும் குனிந்து குனிந்து படித்தார்.

"சார், நெஜமா நெருப்பு புடிச்சிருந்தாகூட இந்நேரம் அணைஞ்சிருக்கும்" என்றாள் சுமதி.

"இன்னும் ரெண்டு பேரு இருக்கும்மா" என்றார் அவர்.

இந்தச் சுமதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பென்னலூர்க்காரி. எங்கள் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. தயாரான சீட்டுகளை வரிசைப்படி லாரிக்குத் தள்ளி ஏற்றுவது அவள் வேலை. ஒப்பந்த ஆட்களுக்குச் சாம்பல் நிறச் சட்டை, பெயர் இருக்காது. கம்பெனி ஆட்களுக்கு நீலச் சட்டை, நெஞ்சில் பெயர் தைத்திருக்கும். பொங்கலுக்குப் பிறகு அவளைக் கம்பெனியில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். நீலச் சட்டைக்கு அளவும் கொடுத்துவிட்டாள். பெயருக்கு முன்னால் இன்ஷியல் வைப்பார்களா மாட்டார்களா என்று என்னிடம் இரண்டு முறை கேட்டாள். அப்பா இன்ஷியலா, புருஷன் இன்ஷியலா என்பது வேறு அவளுக்குத் தீராத யோசனையாக இருந்தது.

அவளுடைய சாப்பாட்டு டப்பாவின் கிளிப் உடைந்துபோய், கறுப்பு ஷூ லேஸால் கட்டியிருப்பாள். லேஸ் கம்பெனி ஷூவினுடையது. ஷூவுக்குச் சணல் கயிறு. மதியம் பாதி சாப்பிட்டுவிட்டு லேஸை முடிச்சுப் போடும்போது முழுசு ஒருநாள் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, பாதியில மூடற?"

"மீதி பஸ்ஸுல துன்னுவேன் சார். வூடு போய் சேர்றதுக்குள்ள பசிக்கும்."

"சாப்பாடுன்னா ஒரே தடவையில முழுசா முடிக்கணும்."

"அப்ப பஸ்ஸுல பசிக்கறப்ப உங்களுக்குப் போன் பண்றேன் சார். நீங்க வந்து பசியை முடிச்சி வைங்க."

மேஜை முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. தட்டில் கிடந்த கறிவேப்பிலையை மென்றுகொண்டிருந்தார். கேலி அவரைத் தொட்டதே இல்லை. அதற்கு, ஒருவர் சொல்வதைப் பாதியிலேயே புரிந்துகொள்ளும் திறமை வேண்டும்.

செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட வருஷத்து மழை இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் நினைவிருக்கும். அன்று சாயங்காலம் எங்கள் கம்பெனி பஸ் படப்பை தாண்டியதும் ரோட்டில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் வண்டியை நிறுத்தி, திரும்பிவிடலாம் என்றார். எல்லாரும் சரி என்றோம். முழுசு மட்டும் எழுந்து முன்னால் போனார்.

"டிரிப் ஷீட்ல கடைசி ஸ்டாப் வரைக்கும் போட்டிருக்கு. பாதியில எப்படித் திரும்புவ?"

"சார், முன்னாடி போன லாரிக்கு டயர் முழுகிடுச்சு. பாருங்க."

"ஷீட்ல கையெழுத்து நான்தான் போடணும்."

"ஷீட்டு நீந்துமா சார்?" என்றார் டிரைவர். ஆனாலும் ஷீட்டில் கையெழுத்து விழாவிட்டால் அவருக்குத்தான் சிக்கல். ஓட்டினார். சிறிது தூரத்தில் தண்ணீர் படிக்கட்டில் ஏறி என்ஜின் நின்றது. பெண்கள் பையைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்கள். ஆளுக்கு ஆள் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு நடந்தோம். முழுசு இறங்கவில்லை. அவருடைய ஸ்டாப் இன்னும் வரவில்லையாம். மறுநாள் டிராக்டர் கட்டி இழுக்கும்வரை அந்த பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தார் என்று டிரைவர் சொன்னார். நான் உடனே நம்பினேன்.

இவ்வளவும் அதற்குச் சில வருஷம் கழித்து வந்த ஒரு தீபாவளிக்குப் பிந்தைய விஷயத்தைச் சொல்வதற்காகத்தான். சுமதி நீலச் சட்டைக்கு அளவு கொடுத்திருந்ததும் அந்த வருஷம்தான்.

நாங்கள் சீட் கொடுத்த கார் தொழிற்சாலையில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக லைனில் வரும். எந்தக் காருக்கு எந்த சீட் என்ற வரிசையை அவர்கள் அனுப்புவார்கள். லாரியில் முதலில் தள்ளிய சீட் ஆழத்தில் போய்விடும். கடைசியில் தள்ளியதுதான் அங்கே முதலில் இறங்கும். எனவே அவர்கள் அனுப்பும் வரிசையைத் தலைகீழாக்கித் தாளில் அச்சிட்டு, அதைப் பார்த்துத்தான் நாங்கள் ஏற்ற வேண்டும். நான் சீட் அனுப்பும் திட்டப் பிரிவில் இருந்ததால் அந்தத் தாள் தினமும் என் மேஜை வழியாகத்தான் சுமதியிடம் போகும்.

வரிசையைத் திருப்பும் புரோகிராமை எழுதியவள் மெர்சி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த பயிற்சி இன்ஜினியர், முழுசின் கீழ் வேலை. அவள் செய்தது ரொம்ப எளிமையானது. முதலில் இருப்பதையும் கடைசியில் இருப்பதையும் இடம் மாற்று. அடுத்து இரண்டாவதையும் கடைசிக்கு முந்தியதையும் மாற்று. இப்படி இரண்டு பக்கத்திலிருந்தும் உள்ளே வந்துகொண்டே இரு. நடுவைத் தொட்டதும் நிறுத்து. வேறொரு பட்டியல் வேண்டாம். அதே பட்டியல் அதே இடத்திலேயே திரும்பிவிடும். மாற்றும் நேரத்தில் ஒன்றைக் கையில் பிடித்துக்கொள்ள ஓர் இடம் இருந்தால் போதும். ஆடி மாதத்திலிருந்து அது ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

தீபாவளி முடிந்த வாரம் மெர்சி தன் அக்காவின் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனாள். திங்கட்கிழமை முழுசு அவளுடைய புரோகிராமைத் திறந்து படித்தார். யாரும் படிக்கச் சொல்லவில்லை. இடம் மாற்றிக்கொண்டே போகும் சுற்று பட்டியலின் பாதியில் நின்றுவிடுவதைப் பார்த்தார். பதறிப்போய் என்னிடம் வந்தார்.

"பாத்தீங்களா இந்தப் பொண்ணை? லிஸ்ட்ல பாதி வரைக்கும்தான் ஓட விட்டிருக்கு. மீதிப் பாதியை யாரு செய்வா?"

"நாலு மாசமா சரியாத்தானே சார் போகுது?" என்றேன்.

"எப்பவாவது மாட்டும். முழுசாக்கிடறேன்."

முழுசாக்கினார். சுற்றைக் கடைசிவரை ஓடவிட்டார். பாதியில் திரும்பிய பட்டியல், மீதிப் பாதியில் மறுபடி திரும்பி, வந்தபடியே வெளியே வந்தது. அச்சிட்டுப் பார்த்தார். எத்தனை சீட் உள்ளே போனதோ அத்தனையும் தாளில் இருந்தன. எண்ணிக்கை சரியாக இருந்ததில் திருப்தி. வரிசையைப் பார்க்கவில்லை.

அன்றைக்கு இரண்டு லாரிகளிலும் சீட்டுகள் தலைமாற்றிப் போய் இறங்கின. கார் லைன் நின்றது. ஒரு லைனை நிறுத்திய கம்பெனி இந்தச் சாலையில் எவ்வளவு பேச்சு வாங்கும் என்பதை இங்கே வேலை செய்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முழுசு நேராக லோடிங் இடத்துக்குப் போய்க் காரணத்தைக் கண்டுபிடித்தார்.

"நீ பேப்பரைத் தலைகீழா புடிச்சிருக்க."

சுமதி தாளை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இன்னா சார் பேசறீங்க? மேல கம்பெனி பேரு கீது பாருங்க. தலைகீழா புடிச்சா எழுத்து கவுந்துடாது?"

"அதான் நீ கவனிக்கல. இனிமே கீழேர்ந்து மேல ஏத்து."

இவள் தலைகீழாகப் படிக்கிறவள், கீழேயிருந்து படிக்கச் சொன்னால் நேராகப் படித்துவிடுவாள் என்பது அவருடைய கணக்கு. சுமதி கீழேயிருந்து ஏற்றினாள். திரும்பாத பட்டியலைக் கீழேயிருந்து ஏற்றினால் திரும்பத்தானே செய்யும். செவ்வாய்க்கிழமையிலிருந்து எல்லாம் சரியாகப் போயிற்று. "பாத்தீங்களா, தப்பு எங்க இருந்துச்சுன்னு?" என்று அவர் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். ஏற்றியவளின் தவறு என்று குறிப்பும் எழுதிவிட்டார். நீலச் சட்டை போய்விடுமா என்று மட்டும் சுமதி என்னிடம் கேட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை மெர்சி வந்தாள். கீழேயிருந்து ஏற்றுகிறார்கள் என்று கேட்டதும் புரோகிராமைத் திறந்தாள். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது அவளுக்கு. திரையில் காட்டி அவருக்கு விளக்கினாள். அவர் ஏற்கவில்லை. "நீ பாதி வேலையை வெச்சுட்டுப் போயிட்ட. நான் முடிச்சேன்" என்றார்.

"அப்பம் லோடிங்குக்கு வாங்க சார். கையால செஞ்சு காட்டுதேன்."

பிளான்ட் மேனேஜரை நான் போய் அழைத்துவந்தேன். மேஜைமேல் சீட்டில் தலை சாய்க்கும் ஹெட்ரெஸ்ட்டுகள் ஐந்தை வைத்து, ஒன்று முதல் ஐந்துவரை எண் ஒட்டினாள் மெர்சி. சுமதி ஒன்றாம் எண்ணைத் தூக்கிக் கையில் பிடித்துக்கொள்ள, மெர்சி ஐந்தை அந்த இடத்துக்கு நகர்த்தினாள். சுமதி கையில் இருந்ததைக் கடைசியில் வைத்தாள். அடுத்து இரண்டும் நாலும். மெர்சி கையைக் குறுக்கே நீட்டினாள்.

"இப்பம் பாருங்க சார். அஞ்சு, நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு. திரும்பியாச்சுல்லா? இங்கதான் நிக்கணும்."

"மூணு இன்னும் அசையவே இல்லையே?" என்றார் முழுசு.

"நடுவுல இருக்கது எங்க சார் போவும்?"

"அப்ப அதுக்கு வேலை நடக்கலைன்னு அர்த்தம். மேல போ."

"மாத்தவா வாணாவா மேடம்? கை நோவுது" என்றாள் சுமதி.

"மாத்துங்க அக்கா. சார் கடைசி வரைக்கும் பாக்கட்டும்."

மாற்றினார்கள். மூன்றைத் தூக்கி அதே இடத்தில் வைத்தார்கள். நாலாவது இடத்தையும் இரண்டாவதையும் மாற்றினார்கள், பிறகு ஐந்தாவதையும் முதலாவதையும். மேஜையில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து என்று தொடங்கியபடியே இருந்தன. நாங்கள் எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தோம். அது மலர்ந்தது.

"பாத்தீங்களா சார்?" என்றார் மேனேஜரிடம். "எல்லாம் அதது எடத்துல கரெக்டா வந்து உக்காந்துடுச்சு."

"அப்ப நான் இம்மா நேரம் இன்னாத்துக்கு சார் தூக்கினேன்?" என்றாள் சுமதி.

மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். மெர்சியிடம் பழையபடி பாதியில் நிறுத்தச் சொன்னார். தாளைப் பார்த்து மறுபடி மேலிருந்து ஏற்றத் தொடங்கினாள் சுமதி. அன்று மதியம் டப்பாவில் மீதி வைக்காமல் சாப்பிட்டதைப் பார்த்தேன். பிரச்சினை முடிந்தது என்று நானும் நினைத்தேன். முடிவது என்பது அவர் இருக்கும் இடத்தில் நடக்காது என்பதை மறந்துவிட்டேன்.

கார் கம்பெனி ஒரு படிவம் அனுப்பியிருந்தது. தவறு நடந்தால் 'ஏன்' என்று ஐந்து முறை கேட்டு, ஐந்து கட்டங்களில் விடை எழுதி அனுப்ப வேண்டும். இந்தப் பகுதியில் எல்லாக் கம்பெனியிலும் உள்ள வழக்கம்தான். மூலகாரணம் கிடைத்ததும் நிறுத்திவிடலாம், பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். புதன்கிழமை மேனேஜர் அறையில் முழுசு எழுத, நாங்கள் உட்கார்ந்திருந்தோம். சீட்டுகள் ஏன் மாறிப் போயின? ஏற்றும் தாள் தலைகீழாக்கப்படவில்லை. ஏன்? புரோகிராம் பாதியில் நிற்காமல் கடைசிவரை ஓடியது. ஒத்துக்கொண்டு எழுதினார், அதுவரை நேர்மைதான். மேனேஜர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

"இன்னும் மூணு கட்டம் காலியா இருக்கு சார்" என்றார் முழுசு.

"விடை வந்தாச்சே. இதுக்கு மேல எழுத வேண்டாம்" என்றேன் நான்.

"பாதிப் படிவம் எப்படி சார் அனுப்பறது?"

எழுதினார். புரோகிராம் ஏன் கடைசிவரை ஓடியது? மேம்படுத்தப்பட்டதால். மேம்படுத்தியபின் வந்த மாற்றம் ஏன் உடனே தெரியவில்லை? தாளைக் கையாண்டவர் தாளில் வேறுபாட்டைக் கவனிக்கவில்லை. ஏன் கவனிக்கவில்லை? கவனக்குறைவு. கீழே, எடுக்கப்பட்ட நடவடிக்கை என்று ஒரு கட்டம். கவனக்குறைவான ஆளை மாற்றுதல்.

"சார், அந்த அக்காவுக்கு கார் லைன்ல வர்ற வரிசை எதுன்னே தெரியாதே. தாளைத்தானே பாப்பாங்க" என்றாள் மெர்சி.

மேனேஜர் படிவத்தை இரண்டு முறை படித்தார். எங்கள் ஆளே சோதிக்காமல் புரோகிராமை மாற்றினார் என்று அனுப்பினால் கார் கம்பெனி ஆள் அனுப்பி எங்கள் கம்ப்யூட்டர்களையெல்லாம் தோண்டிப் பார்க்கும். கவனக்குறைவு, ஆளை மாற்றிவிட்டோம் என்றால் கோப்பை மூடிவிடும். இதை அவர் யோசித்தது முகத்தில் தெரிந்தது. நான் மறுபடி வாயெடுத்தேன். "பாத்துக்கலாம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

முழுசு சூழ்ச்சிக்காரர் என்று மெர்சி கடைசிவரை நம்பினாள். பொங்கலுக்குப் பிறகு மறைமலை நகரில் வேறு வேலை கிடைத்துப் போகும்போதும் அதையே சொன்னாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. சூழ்ச்சி செய்கிறவனுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரிந்திருக்க வேண்டும். அயோக்கியன் ஒருவனை என்னால் மதிக்கக்கூட முடியும். இவர் கட்டங்களை நிரப்பினார். நிரப்பிக்கொண்டே போனதில், உண்மையைத் தாண்டி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தார். வந்த பிறகும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை முதல் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் சுமதியை வாசலுக்கு வரச் சொன்னார்கள். அட்டையைச் செயலிழக்கச் செய்வது முழுசின் வேலை. வெளியேறுகிறவர் திருப்பித் தர வேண்டிய பொருள்களைச் சரிபார்க்கும் தாளையும் அவரே வாங்கிக்கொண்டார். சட்டை, டிக். அட்டை, டிக். காதடைப்பான், டிக். பஸ்ஸுக்கு நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், அன்னிக்கி மேசை மேல சுத்தி வந்ததெல்லாம் அதது எடத்துக்கே வந்துச்சே" என்றாள் சுமதி. "என்னை மட்டும் இன்னாத்துக்கு வெளிய எறக்கிட்டீங்க?"

அவர் ஷூவைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சணல் கயிற்றை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார்.

"ஒரு லேஸ் குறையுதேம்மா."

சுமதி பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்து, முடிச்சை அவிழ்த்து, லேஸை மேஜைமேல் வைத்தாள். மூடி நழுவியது. உள்ளே பாதிச் சோறு இருந்தது. மூடியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தபடி பஸ்ஸை நோக்கி நடந்தாள்.

முழுசு கடைசிக் கட்டத்தில் டிக் போட்டார். பிறகு தாளைத் திருப்பி, பின்பக்கத்திலும் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார்.